நான் விட்ட இடைவெளியில் அப்பா பாடினார்

ஆங்கிலத்தில் ராக் பாடுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. வீட்டு மனுஷர்களை எப்படி வேண்டுமானாலும் திட்டிப் பாடலாம். அவர்களே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போவார்கள். இந்த வசதியைப் பல வருஷம் அனுபவித்துவிட்டு, ஒரு நாள் சாயந்திரம் என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன். அந்தக் கதைதான் இது. (எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது படித்தால் பக்கத்தைத் திருப்பிவிடலாம். உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.)

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவன். வீட்டில் சீனு. மேடையில் ‘சின்’. ஆங்கிலத்தில் பாவம் என்று அர்த்தம். மேடையில் என்னைப் பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். என் குழுவின் பெயர் ‘ரஸ்டட் கேட்’. எங்கள் குடியிருப்பின் துருப்பிடித்த காம்பவுண்ட் கேட்டைப் பார்த்து வைத்த பெயர், இழுத்தால் அழும். எங்கள் பாட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. ‘ஆல்டர்நேட்டிவ் ராக்’ என்று சொல்லிக்கொண்டோம். மாற்று ராக். எதுக்கு மாற்று என்று அம்மா கேட்டாள். எனக்கே சரியாகத் தெரியாததால், “உனக்குப் புரியாதும்மா” என்றேன்.

என் கலைப் பயணத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. (அப்போது ஒரு பேட்டியில் நானே இப்படிச் சொன்னேன். பேட்டி எடுத்தது ஒரு கல்லூரி ஆண்டுமலர்.) முதல் கட்டம் கத்தல். கத்திரி வெயிலில் கறுப்பு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, அமெரிக்காவின் எந்த மூலையிலும் பேசப்படாத ஓர் உச்சரிப்பில், அடக்குமுறைக்கு எதிராகக் கத்துவேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கொடுக்கும் மிளகுப் பாலைக் குடித்துவிட்டு, மறுநாள் மறுபடி அடக்குமுறைக்கு எதிராகக் கிளம்புவேன். இரண்டாவது கட்டம் முணுமுணுப்பு. கத்தினால் ஆழம் இல்லை என்று யாரோ சொன்னதால் மைக்கை முழுங்குகிற மாதிரி வைத்துக்கொண்டு துக்கமாக முனகினேன். நான் என்ன பாடுகிறேன் என்று அந்தக் கட்டத்தில் எனக்கே கேட்கவில்லை.

அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். இன்சூரன்ஸ் ஆபீஸில் ஆயுசு பூராவும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினவர். ஆனால் என்னுடையது அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் இல்லை. இரண்டே தடவை என் நிகழ்ச்சிக்கு வந்தார். இரண்டு தடவையும் திரும்பி வந்து, “சத்தம் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார். அவரைப் பற்றித்தான் அத்தனை பாட்டும் என்று அவருக்குத் தெரியாது.

அவருக்கு ஒரு பஜனை கோஷ்டி உண்டு. சனிக்கிழமை தவறாமல் எங்கள் மொட்டைமாடிக் கொட்டகையில் கூடுவார்கள். ஓர் அடியை அப்பா பாடி நிறுத்துவார். மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். மறுபடி அப்பா, மறுபடி கோஷ்டி. யாராவது அடியை வாங்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பாவுக்குக் கண் சிவந்துவிடும். “ஒருத்தன் ஒரு அடி கொடுத்தா எடுத்துக்கணும். அந்தரத்துல விடப்படாது” என்பார். பாதிப் பாட்டில் எழுந்து போன ஒருவருடன் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தார்.

இதே மனுஷர்தான், நான் பிளஸ் டூ படிக்கும்போது, அம்மா எனக்கு ரகசியமாக வாங்கிக் கொடுத்த கிடாரைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டார். நான் ஸ்கூலிலிருந்து வந்தபோது காம்பவுண்ட் கேட் பக்கத்தில் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தட்டில் செய்தித்தாள் கட்டுகளுக்கு மேல் என் கிடார். “தூசி அடையறது, எடுத்துண்டு போகச் சொன்னேன்” என்றார். அவ்வளவுதான் விளக்கம். அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு ஹார்மோனியத்தில் ஒரு கட்டை இறங்கினால் மாடிப்படியிலேயே கண்டுபிடிக்கிற காது அவருக்கு. அந்தக் காதுக்கு எதிர் அறையில் ஒருத்தன் பாடியது ஒரு நாளும் விழவில்லை. எனக்கு அது ஆறவில்லை. இப்போதும் ஆறவில்லை. நகைச்சுவையாக எழுதுவதால் ஆறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மூன்றாவது கட்டத்துக்குக் காரணம் எங்கள் டிரம்ஸ் தீனா. அடையாற்றங்கரையில் பிறந்து, வீட்டை இடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டதால், இரண்டு பஸ் மாறி ஒத்திகைக்கு வருகிறவன். ஒரு நாள் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

“மச்சி, நீ இன்னா பாடுறேன்னு எங்கம்மா கேக்குது. எனக்கே தெர்ல. நானும் இத்தினி வருசமா அட்ச்சிக்கினுதான் கீறேன். தமிள்ல பாடேன்.”

அப்படித்தான் நான் தமிழுக்கு வந்தேன். குழுவுக்குத் ‘துரு’ என்று பெயர் மாற்றினோம். (“துருன்னு பேர் வச்சா எவன்டா கூப்பிடுவான்? மங்களகரமா ஏதாவது வையேன்” என்றாள் அம்மா.) கோட்டூர்புரம் நூலகத்தில், அரசாங்கப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, ‘சாத்தின கதவு’ என்று ஒரு பாட்டு எழுதினேன். கடைசி அடியை மட்டும் நாலு தடவை அடித்து எழுதினேன். அதுவரை நான் எழுதியதெல்லாம் வேஷம் என்று தெரிந்தது. இந்தப் பாட்டில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

மெட்டில் ஒரு விசேஷம் வைத்தேன். ஒவ்வோர் அடி முடிந்ததும், அதே அளவுக்கு வெறும் இடைவெளி. அந்த நேரத்தில் கிடார் லேசாக முனகும், வேறு ஒன்றும் இல்லை. “அந்த மௌனம்தான் அப்பா. நான் கேட்கிறேன், அவர் பதில் சொல்வதில்லை” என்று குழுவுக்கு விளக்கினேன். விளக்கும்போது எனக்கே கண் கலங்கியது. தீனா, “ஸோ அந்த எடத்துல நான் சும்மா குந்திக்கினு இருக்கணும், அதானே?” என்று கேட்டுக்கொண்டான்.

பதிவு செய்து அனுப்பியதில் மேத்தா என்று ஒருவர் மாட்டினார். மும்பையில் பெரிய ராக் விழா ஒன்றுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுப்பவர். சென்னைக்கு வரும்போது நேரில் கேட்கிறேன், அந்தப் பாட்டைப் பதிவில் இருப்பதுபோலவே அமைதியாகப் பாட வேண்டும் என்றார். பெசன்ட் நகரில் ஒரு காபிக் கடையின் மொட்டைமாடியில் ஏற்பாடு செய்தோம். தேர்வானால் விழா, அதன் பின்னால் ஆல்பம். ஆகாவிட்டால் அப்பாவின் சிநேகிதர் கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை. திங்கட்கிழமை சேருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பாடகனா, சோதிக்கிறவனா என்பதை அந்த ஒரு பாட்டு முடிவு செய்யப் போகிறது.

இதை அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

“தமிழ்லயாடா பாடப்போறே?”

“ஆமாம்மா.”

“சாமி பாட்டா?”

“இல்லேம்மா. பொதுவா, உறவுகளைப் பத்தி.”

“உறவுன்னா நல்லதுதானே” என்றாள் அம்மா. அந்த உறவுகளை எல்லாம் வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாயந்திரம் மாடியில் வழக்கமான கூட்டம் இருந்தது. கறுப்புச் சட்டை போட்ட பையன்கள், பெண்கள், ஆளுக்கு ஒரு காபியை வைத்துக்கொண்டு அரட்டை. முன்னால் மேத்தா. கடல் காற்று நன்றாக வீசியது. நான் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது படிக்கட்டில் ஒரு பட்டுப்புடவை தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு வேஷ்டிகள். அம்மாவின் கணக்கில் உறவு என்றால் பஜனை கோஷ்டிதான். அது முழுக்க வரிசையாக ஏறி வந்தது. பாட்டு நடக்கிற இடம் என்பதால் செருப்பை எல்லாம் கீழ்ப் படியிலேயே விட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு மேத்தாவும் ஷூவைக் கழற்றினார். கடைசியாக அப்பா, விபூதி, சலவைச் சட்டை. நேராக முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

“இன்னா மச்சி, மூஞ்சி இப்டி கீது?” என்றான் தீனா.

“அந்தப் பாட்டைப் பாட முடியாதுடா. எங்கப்பா உக்காந்திருக்கார்.”

“மேத்தா அதுக்குத்தான் வந்துகீறாரு. பாடிரு. உங்க நைனா எப்பனா நீ பாடி காது குட்த்துக் கேட்டுகீறாரா? இன்னிக்கு மட்டும் கேக்கப் போறாரா?”

நியாயமாகத்தான் பட்டது. முதல் மூன்று பாட்டுகளும் அதை உறுதிப்படுத்தின. கிடார் இரைச்சலில் ஒரு வார்த்தைகூட வெளியே போகவில்லை. கோஷ்டியின் ஜால்ரா கோமதி மாமி கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, பக்கத்திலும் கொடுத்து அனுப்பினாள். அம்மா என்னைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டாள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. என்ன வேண்டுமானாலும் பாடலாம், இவர்களுக்குக் கேட்கப் போவதில்லை. நாலாவது பாட்டில் இரைச்சலே கிடையாது என்பதை என் மூளை அந்த நேரத்தில் எனக்கு நினைவுபடுத்தவில்லை.

மேத்தா தலையை ஆட்டினார். கிடார் ஒற்றைக் கம்பியில் தொடங்கியது. மாடி அடங்கியது. காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் அடியைப் பாடினேன்.

“ஆறு மணிக்கு விளக்கை ஏற்றினாய்.”

இடைவெளி. நான் உயிரைக் கொடுத்துச் செதுக்கிய மௌனம். பதில் சொல்லாத அப்பா.

“ஆறு மணிக்கு விளக்கை ஏற்றினாய்” என்று கோஷ்டி மொத்தமும் திருப்பிப் பாடியது.

கண்ணைத் திறந்தேன். அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒருத்தன் ஓர் அடியைப் பாடி நிறுத்துகிறான். பின்னே எதற்கு நிறுத்துகிறான்? ஆயுசு பூராவும் சனிக்கிழமைகளில் செய்ததை அவர்கள் செய்தார்கள். கோமதி மாமி கைப்பையில் இன்னொரு தடவை துழாவி ஜால்ராவை எடுத்துவிட்டாள். (இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டாள்.) கறுப்புச் சட்டைகள் இதெல்லாம் ஏற்பாடு என்று நினைத்து போன்களைத் தூக்கின. மேத்தா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அப்பா கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். என் பாட்டுக்கு அவர் தாளம் போட்டு அன்றுதான் பார்த்தேன்.

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் திங்கட்கிழமை.

“ஏழு மணிக்குக் கதவைச் சாத்தினாய்.” வாங்கிப் பாடினார்கள்.

“ஊரார் பாட்டுக்குத் தாளம் போட்டாய்.” இதையும் நன்றாக வாங்கினார்கள், ஜால்ராவோடு.

திருப்பிப் பாடுகிறவர்கள் அர்த்தத்தைக் கவனிப்பதில்லை. வார்த்தை வாய் வழியாகப் போன பிறகு நிதானமாகத்தான் மண்டைக்கு வருகிறது. “பழைய பேப்பர்காரன் தராசிலே” என்று நான் பாடியபோது, கோஷ்டி ஒரு கணம் தடுமாறி, சாமிக்கும் தராசுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கும் என்று நம்பி, பாடியது. “என் கிடாரைத் தூக்கி வைத்தாயே” என்றபோது பாதிப் பேர் பாடினார்கள். மீதிப் பேருக்கு எங்கள் கேட் பக்கத்தில் தொங்கிய தராசு நினைவுக்கு வந்துவிட்டது. எல்லோரும் அதே கட்டடத்துக்காரர்கள்தானே. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கோமதி மாமியின் ஜால்ரா ஒரு கையில் நின்றது. ஒவ்வொரு குரலாக அணைந்தது.

“தூசி என்றாய், தூசி என்றாய்” என்று பாடி, இடைவெளி விட்டேன். மாடியில் கடல் சத்தம் மட்டும்.

அப்பா கண்ணைத் திறந்தார். என்னை நேராகப் பார்த்தார். பிறகு, தாளம் தப்பாமல், தனியாக, “தூசி என்றாய், தூசி என்றாய்” என்று பாடினார்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருத்தன் அடி கொடுத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும், அந்தரத்தில் விடக்கூடாது. அவர் கொள்கைக்கு அவரே விலக்கு இல்லை. நான் குற்றப் பத்திரிகையை ஓர் அடி ஓர் அடியாக வாசிக்க, அவர் ஓர் அடி ஓர் அடியாக வாங்கிப் பாடிக்கொண்டே வந்தார். பயத்தில் என் குரல் இறங்கியது. அவர் குரல் இறங்கவில்லை. கடைசியில் அவர் சுருதியைப் பிடித்துக்கொண்டுதான் நான் மேலே வர வேண்டியிருந்தது. அவரைத் திட்டுவதற்கு அவரிடமே சுருதி வாங்கினேன்.

கடைசி அடி வந்தது. நூலகத்தில் நாலு தடவை அடித்து எழுதிய அடி.

“ஒரு நாள், ஒரு நாள் கேட்டாயா?”

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே அதைத் திருப்பிப் பாடினார். “ஒரு நாள், ஒரு நாள் கேட்டாயா?”

இருபத்தெட்டு வயசு வரை நான் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லைதான். கிடாரை ஏன் போட்டாய் என்றுகூட. அந்தக் கேள்வி என் மேல் வந்து விழும் என்று எழுதும்போது தெரியாது. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். அந்த நிசப்தத்தில், பின்வரிசையில் காது சற்று மந்தமான ஒரு மாமா, பாட்டு முடிந்தது என்று கண்டு, பழக்க தோஷத்தில் “நமப் பார்வதீ பதயே” என்று குரல் கொடுத்தார். மொத்த மாடியும், கறுப்புச் சட்டைகள் உட்பட, “ஹர ஹர மகாதேவா” என்றது. துரு என்ற ராக் குழுவின் முதல் தமிழ் நிகழ்ச்சி இவ்வாறு இனிதே நிறைவுற்றது.

அப்பா எழுந்து வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு மேடைப் பக்கம் வந்தார். இப்போது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினாலும் பரவாயில்லை என்று நின்றேன்.

“நடுவுல சுருதி இறங்கிடுத்து. பாத்துக்கோ” என்றார். செருப்பைத் தேடிக்கொண்டு கீழே போய்விட்டார்.

மேத்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்குக் கை கொடுத்துக்கொண்டே படிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவரை எங்கே பிடித்தாய், என்ன பிரமாதமான யோசனை, அவர் வந்தால் விழாவில் முக்கியமான நேரமே தருகிறேன் என்றார். அவர் வராவிட்டால் என்று கேட்டேன். வராவிட்டால் இது சாதாரணப் பாட்டு என்றார். நாசூக்காகத்தான் சொன்னார், ஆங்கிலத்தில்.

மறுநாள் காலை அப்பா காபியும் பேப்பருமாக இருக்கும்போது போய் நின்றேன். அந்தப் பாட்டைப் பாடிய வாயால் இதைக் கேட்க வேண்டியிருந்தது.

“மும்பைல ஒரு விழாப்பா. அந்தப் பாட்டுக்கு நீயும் வரணுங்கறார்.”

“அது உன் பாட்டுடா. நீ பாடு.”

“நீ இல்லேன்னா எடுத்துக்க மாட்டாராம்.”

அப்பா பேப்பரை ஒரு மடிப்பு மடித்தார். “அப்போ பாட்டு சரியில்லேன்னு அர்த்தம்” என்றார்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். துரு கொஞ்ச நாளில் தானாக உதிர்ந்தது. தீனா சினிமா ஒலிப்பதிவுகளில் வாசிக்கிறான், நன்றாக இருக்கிறான். எப்போது போன் செய்தாலும், “உங்க நைனா எப்டி கீறாரு?” என்றுதான் ஆரம்பிப்பான். அந்த மாடி வீடியோ இன்னும் போனுக்குப் போன் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது அடையாறில் வார இறுதிகளில் குழந்தைகளுக்கு மேற்கத்திய இசை சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒரு குழந்தையின் அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “அந்த அப்பா பாட்டு வீடியோல பின்னாடி நிக்கறவர் நீங்கதானே?” என்று கேட்டார். பின்னாடி நிற்கிறவர். ஆமாம் என்றேன்.

மெட்டு மட்டும் வீணாகவில்லை. அடுத்த ஆடிக் கிருத்திகைக்குள் அப்பா அதில் முருகனை ஏற்றிவிட்டார். சனிக்கிழமைதோறும் மொட்டைமாடியில் பாடுகிறார்கள். எனக்கு ஒரு நாளும் சேராத கூட்டம் அதற்குச் சேருகிறது. இசை யாருடையது என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டதற்கு, “பரம்பரையா வர்றது” என்று கோமதி மாமி சொன்னாளாம்.

வீட்டில் இது வேடிக்கையாகிவிட்டது. விருந்தாளிகள் இருக்கும்போது தெருவில் பழைய பேப்பர்காரன் குரல் கேட்டால் போதும். அம்மா சமையலறையிலிருந்து “பழைய பேப்பர்காரன் தராசிலே” என்று எடுப்பாள். கூடத்திலிருந்து அப்பா அதைச் சுத்தமாக வாங்கிப் பாடுவார். “என் கிடாரைத் தூக்கி வைத்தாயே” என்று அம்மா. அதையும் அப்பா வாங்குவார். தூசி வரைக்கும் போவார்கள். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார், நானும்தான் சிரிக்கிறேன். கடைசி அடியை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.